பெயர் கேட்காத ஊசி

மாசி மாதம் மகா சிவராத்திரி முடிந்த கையோடு மேல்மலையனூரில் மயானக் கொள்ளை. அன்றைக்கு ஊர்ச் சுடுகாட்டில் கால் வைக்க இடம் இருக்காது. அவித்த பயறு, கொழுக்கட்டை, கொல்லையில் விளைந்த காய்கறி, கம்பு, கேழ்வரகு, சில்லறைக் காசு என்று சனங்கள் கூடை கூடையாகக் கொண்டுவந்து குவிப்பார்கள். பம்பையும் உடுக்கையும் உச்சத்துக்குப் போகும் நேரத்தில் அத்தனையும் வானத்தை நோக்கி வீசப்படும். விழுவதைப் பிடிக்க ஆயிரம் கைகள் நீளும். அப்படிக் கிடைத்த ஒரு பிடி தானியத்தைக் கொண்டுபோய் விதையோடு கலந்து வைப்பவர்கள் எங்கள் பக்கத்தில் இன்றும் உண்டு.

சிறு வயதிலிருந்து பார்த்துவரும் திருவிழா இது. ஆனால் இப்போதெல்லாம் தானியம் மேலே போகும்போது என் கண் அதையும் தாண்டிப் போய்விடுகிறது. செஞ்சிப் பக்கத்து வானம் மாசியில் கண்ணைக் கூசவைக்கும் வெளிர்நீலமாக இருக்கும். காக்கைகள் இருக்கின்றன, இரண்டொரு பருந்துகள் இருக்கின்றன. சுடுகாட்டுக்கு மேலே வட்டம் போட்டுக்கொண்டிருக்க வேண்டியவை மட்டும் இல்லை.

இந்தத் தலத்தின் கதை தமிழ்நாட்டில் பலருக்கும் தெரியும். ஐந்து தலையோடு இருந்த பிரமனைத் தன் கணவன் என்று மயங்கிப் பார்வதி வணங்கிவிட, சினம்கொண்ட சிவன் ஒரு தலையைக் கொய்துவிட்டார். கொய்த தலை கையை விட்டு இறங்கவில்லை. பிச்சையாக விழுந்த சோற்றையெல்லாம் அந்தக் கபாலமே தின்றுவிட, சிவன் பசியோடு மயானம் மயானமாக அலைந்தார். கடைசியில் மலையனூர் மயானத்துக்கு வந்தபோது, அம்மன் இரண்டு கவளம் சோற்றைக் கபாலத்தில் இட்டு, மூன்றாவதைத் தரையில் இறைத்தாள். ருசி கண்ட கபாலம் கையை விட்டு இறங்கிச் சோறு பொறுக்கப் போனது. அவள் பேருருக் கொண்டு அதைக் காலடியில் மிதித்தாள். சுடுகாட்டில் சோற்றை இறைக்கும் வழக்கம் அதிலிருந்து வந்தது என்பார்கள்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது, கொன்றவர் கடவுள். என்றாலும் கொன்ற கையில் கொலை ஒட்டிக்கொண்டது. இந்தக் கதையைச் சொல்லி வளர்த்த எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் கடவுளுக்குச் சலுகை காட்டவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் எங்கள் வானத்திலிருந்து காணாமல்போன பறவையின் நினைவு கூடவே வருகிறது. அந்தப் பறவையைக் கொன்ற கைக்குக் கோபம்கூடக் கிடையாது. கொல்கிறோம் என்ற நினைப்பே அதற்கு இருக்கவில்லை.

எழுபதுகளின் பிற்பகுதி. எங்கள் ஊர் ஏரியின் கடைசியில், மல்லாட்டைக் கொல்லைகள் முடிந்து பாறையும் முள்ளும் தொடங்கும் இடத்தில், செத்த மாட்டைக் கொண்டுபோய்ப் போடுவார்கள். தோல் உரிப்பதை ஊர் யார் தலையில் கட்டிவைத்திருந்ததோ அவர்கள் வந்து உரித்துக்கொண்டு போவார்கள். பிறகுதான் அவை இறங்கும். முதலில் ஒன்று, மிக உயரத்தில் ஒரு புள்ளியாகத் தெரியும். அதைப் பார்த்து எங்கிருந்தோ இன்னொன்று. அதைப் பார்த்து இன்னும் பத்து. கால் மணி நேரத்துக்குள் பாறை முழுக்கக் கறுப்பாகிவிடும். கிழிக்கும் சத்தம், ஒன்றையொன்று விரட்டும் சீறல், இறக்கையை விரித்து இரண்டு காலாலும் குதித்துக் குதித்து ஓடும் கோணல் நடை. நாங்கள் தூரத்துப் பனைமரத்தின் பின்னால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று பார்ப்போம். எண்ணத் தொடங்கினால் தாத்தா அதட்டுவார்: “எண்ணாதடா. அதுங்க என்னா எண்ணிக்கைக்கு அடங்குமா?”

மறுநாள் போனால் வெள்ளை எலும்பு மட்டும் கிடக்கும். நாற்றம் இருக்காது.

அப்போது அவற்றைப் பிணந்தின்னிக் கழுகு என்றுதான் சொன்னோம். தமிழில் கழுகு என்ற ஒரே சொல் வேட்டையாடும் பறவைக்கும் இறந்ததைத் தின்னும் பறவைக்கும் பொதுவாகிப்போனதில் ஒரு குழப்பம் உண்டு. பாறு, எருவை என்று சங்கப் பாடல்களில் இவற்றுக்குத் தனிப் பெயர்களே இருந்தன. போர்க்களத்தைப் பாடிய புலவர்கள் இந்தப் பறவைகளைப் பார்த்தே பாடினார்கள். நடுவில் அந்தப் பெயர்களை விட்டுவிட்டோம். அடுத்தவன் சாவில் ஆதாயம் தேடுகிறவனைத் திட்டுவதற்கு மட்டும் ‘பிணந்தின்னி’யை வைத்துக்கொண்டோம். பாறு என்ற சொல்லை மறுபடி மக்கள் வாயில் புழங்கவைத்ததில் கோவையிலிருந்து இயங்கும் அருளகம் அமைப்புக்கும் அதன் சு. பாரதிதாசனுக்கும் பெரும் பங்கு உண்டு. நானும் இனி அந்தச் சொல்லையே எழுதுகிறேன். செத்த மாட்டை அகற்றியவர்களையும் அதைத் தின்று தீர்த்த பறவையையும் ஒரே அருவருப்போடுதான் ஊர் பார்த்தது. தன்னைச் சுத்தமாக வைத்திருந்தவர்கள் இவர்கள் என்பது ஊருக்கு உறைக்கவே இல்லை.

தமிழ்நாட்டில் நான்கு வகைப் பாறுகள் உண்டு. வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செம்முகப் பாறு, மஞ்சள்முகப் பாறு. நான் சிறுவனாகப் பார்த்த கூட்டம் பெரும்பாலும் வெண்முதுகுப் பாறாகத்தான் இருக்க வேண்டும். 1980களில் உலகிலேயே அதிக எண்ணிக்கையில் வாழ்ந்த பெரிய இரைகொல்லிப் பறவை இதுவாக இருக்கலாம் என்று கருதப்பட்டது. இந்தியாவில் மட்டும் கோடிக்கணக்கில் இருந்தன. விமானங்களில் மோதுகின்றன என்று அவற்றின் பெருக்கமே ஒரு தொல்லையாகப் பேசப்பட்ட காலம் அது.

நான்காவதாகச் சொன்ன மஞ்சள்முகப் பாறு சின்னது, அழுக்கு வெள்ளை நிறம். எங்கள் பகுதியிலிருந்து கிழக்கே போனால் வரும் திருக்கழுக்குன்றத்தின் பெயரே அதனுடையதுதான். வேதகிரீசுவரர் மலைமேல் நாள்தோறும் உச்சிவேளையில் குருக்கள் சர்க்கரைப் பொங்கலை எடுத்துக்கொண்டு பாறையில் காத்திருப்பார். இரண்டு பறவைகள் இறங்கிவந்து தட்டில் இருப்பதைத் தின்றுவிட்டுப் போகும். காசியில் நீராடிவிட்டு இங்கே உணவுக்கு வரும் முனிவர்கள் அவர்கள் என்பது நம்பிக்கை. பட்சிதீர்த்தம் என்றே ஊருக்கு இன்னொரு பெயர். பையனாக இருந்தபோது ஆயா என்னை அந்த மலைக்கு ஒருமுறை கூட்டிப்போனாள். படியேறி இளைத்துப்போய், ஒரு தூணில் சாய்ந்து, அவற்றைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எங்கள் ஏரிக்கரைப் பாறையில் இறங்கும் பறவையைக் கண்டால் முகம் சுளிப்பவள் அவள். அன்றைக்கு அந்த முரண் எனக்குத் தோன்றவில்லை.

1990களின் இறுதியோடு அவை வருவது நின்றுபோனது. கலியுகம் முற்றிவிட்டது என்றார்கள் சிலர். பூசையில் குறை என்றார்கள் சிலர். அதே ஆண்டுகளில் ராஜஸ்தானின் பரத்பூர் கேவலாதேவ் சரணாலயத்தில் விபு பிரகாஷ் என்ற பறவையியலாளர் இன்னொரு காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்தவர். எண்பதுகளில் அங்கே பாறுக் கூடுகளைக் கணக்கெடுத்திருந்தவர், பத்தாண்டு கழித்துத் திரும்பிப் போனபோது மரத்தடிகளில் பறவைகள் செத்துக்கிடந்தன. உயிரோடு இருந்தவை கிளையில் உட்கார்ந்து கழுத்தைத் தொங்கப் போட்டிருந்தன. நாட்கணக்கில் அப்படியே இருந்து, பிறகு விழுந்தன. ஏதோ வைரஸ் என்று நினைத்தார்கள். வடநாடு முழுவதும் இப்படியே. நேபாளத்திலும் பாகிஸ்தானிலும் இப்படியே.

விடை கிடைத்தது பாகிஸ்தானின் பஞ்சாபில். லிண்ட்சே ஓக்ஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவரின் தலைமையில் ஒரு குழு இறந்த பறவைகளை அறுத்துப் பார்த்தது. ஈரல், இதயம் என்று உள்ளுறுப்புகள்மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைப் படலம். சிறுநீரகம் செயலிழந்து, வெளியேற வழியில்லாத யூரிக் அமிலம் உடம்புக்குள்ளேயே படிந்திருந்தது. வைரஸ் எதுவும் அகப்படவில்லை. பூச்சிமருந்தும் கன உலோகமும்கூடக் காரணமாகத் தெரியவில்லை. பாறுகள் எதைத் தின்கின்றன, அந்த மாடுகளுக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு போனபோது ஒரு பெயர் வந்தது. டைக்ளோஃபெனாக். முட்டிவலிக்கு நாமும் விழுங்கும் அதே வலிநிவாரணி. 2004இல் ‘நேச்சர்’ இதழில் அந்த ஆய்வு வெளியானது.

எழுபதுகளில் மனிதருக்காக உருவான மருந்து அது. தொண்ணூறுகளின் முற்பகுதியில் காப்புரிமைக் காலம் முடிந்ததும் பல நிறுவனங்கள் தயாரிக்கத் தொடங்கின. விலை சரிந்தது. ஏழைக் குடியானவனின் தொழுவத்துக்கும் அது வந்துசேர்ந்தது. மடிவீக்கம், கால் வீக்கம், காய்ச்சல், ஏர் இழுத்த மாட்டின் மூட்டுவலி, எல்லாவற்றுக்கும் ஒரே ஊசி. மாட்டுக்கு அதனால் கேடில்லை, உண்மையிலேயே வலி குறைந்தது. ஊசி போட்ட ஓரிரு நாளில் அந்த மாடு வேறு காரணத்தால் செத்துப்போய், அதன் உடலைப் பாறுகள் தின்றால்தான் விபரீதம். பாறின் உடம்பால் இந்த மருந்தைத் தாங்க முடியாது. மிகக் கொஞ்சம் உள்ளே போனாலே இரண்டொரு நாளில் சிறுநீரகம் நின்றுவிடும். அடைப்பான் நோயில் செத்த மாட்டைத் தின்றும் சாகாத வயிறு அதற்கு. காலங்காலமாக அழுகலையும் கிருமியையும் செரித்த அந்த வயிற்றுக்குள் இந்தச் சின்னக் குப்பி மருந்து போய் வேறு வழியாகக் கொன்றுவிட்டது.

இதில் என்னை உறங்கவிடாத கணக்கு ஒன்று உண்டு. பாறுகளின் அழிவு முழுவதையும் விளக்க, செத்த மாடுகளில் எத்தனையில் இந்த மருந்து இருந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. அது போதும் என்று வந்தது விடை. தனித்தனியே இரை தேடாமல் ஒன்றைப் பார்த்து ஒன்றாகக் கூடி இறங்கும் பறவை அது. ஒரு மாட்டில் நாற்பது, ஐம்பது உட்காரும். பந்தியில் விஷம் வைத்ததுபோல. ஆண்டுக்கு ஒரே முட்டை, அந்தக் குஞ்சு தான் ஒரு குஞ்சு பொரிக்க ஐந்தாண்டு. செத்த இடத்தை நிரப்புவது எப்படி? 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளில் 99.9 விழுக்காடு போய்விட்டன. ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்று. டோடோ பறவைகூட இவ்வளவு வேகமாக அழியவில்லை என்கிறார்கள் அறிஞர்கள்.

எங்கள் வீட்டிலும் ஒரு செவலைப் பசு இருந்தது. 1998 ஐப்பசி மழையில் வரப்பில் வழுக்கி விழுந்து முன்னங்கால் வீங்கிப்போனது. பக்கத்து ஊரிலிருந்து ஊசி போடுகிறவர் சைக்கிளில் வந்தார். படித்த மருத்துவர் இல்லை, கைப்பழக்கத்தில் வைத்தியம் பார்ப்பவர், நல்ல மனிதர். பைக்குள் கைவிட்டு ஒரு குப்பியை எடுத்தார், உறிஞ்சினார், கழுத்தில் குத்தினார். இரண்டு நாள் வந்தார், இரண்டு ஊசி. மூன்றாம் நாள் காலையில் செவலை எழுந்திருக்கவில்லை. அம்மா வாசலில் உட்கார்ந்து அழுதாள். வழக்கமான அதே பாறைமேட்டில் கொண்டுபோய்ப் போட்டோம்.

அந்த முறை எதுவும் இறங்கவில்லை. நாய்கள் வந்தன, காக்கைகள் வந்தன. ஐந்து நாள் நாறிக்கொண்டு கிடந்தது. ஆறாம் நாள் சீமெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினோம், பாதிதான் எரிந்தது. “எங்க பூடுச்சுங்க எல்லாம்?” என்று தாத்தா கேட்டார். கட்டிலில் படுத்தபடி ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அடுத்த ஆண்டு அவர் போய்ச் சேர்ந்தார்.

அந்தக் குப்பியின் பெயரை எங்கள் வீட்டில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. நான் அப்போது பட்டப்படிப்பு முடித்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன், படிக்கத் தெரிந்தவன், குப்பியை வாங்கிப் பார்த்திருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. மாடு பிழைக்க வேண்டும், அவ்வளவுதான் எண்ணம். இன்றைக்கு இந்த விஷயத்தைப் பற்றி எழுதவும் பேசவும் முன்வரும்போதெல்லாம் அந்த இரண்டு ஊசிகள் எனக்கு முன்னால் வந்து நிற்கின்றன. யாரோ வடக்கே செய்த தவறாக இதை என்னால் எழுத முடியாது.

உயிரினங்கள் அழிவதற்கு மனிதன் பொறுப்பு என்று சொல்லும்போது நம் மனத்தில் வருவது துப்பாக்கி பிடித்த ஒருவனின் படம். அது சரிதான், அப்படியும் நடந்திருக்கிறது. இந்தியாவின் கடைசிச் சிவிங்கிப்புலிகள் என்று பதிவானவற்றில் மூன்றை 1947இல் கொரியா சமஸ்தான மன்னர் ஓர் இரவில் சுட்டார். சிவிங்கி என்ற பெயர் தமிழில் தங்க, விலங்கு போய்விட்டது. 1952இல் அழிந்துவிட்டதாக அரசு அறிவித்தது. அங்கே குற்றவாளிக்குப் பெயர் உண்டு, முகம் உண்டு. பாறு விஷயத்தில் யாரைப் பிடிப்பது? மருந்தை உருவாக்கியவர் மனிதன் வலியைப் போக்க உருவாக்கினார். மருந்துக் கடைக்காரர் கேட்டதைக் கொடுத்தார். ஊசி போட்டவர் வாயில்லா ஜீவனின் வேதனையைக் குறைத்தார். குடியானவன் வீட்டுப் பிள்ளையாக நினைத்த மாட்டைக் காப்பாற்றப் பார்த்தான். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் இரக்கமோ பிழைப்போதான் இருந்தது. கடைசிக் கண்ணியில் கோடிக்கணக்கான பறவைகள் செத்தன.

ஆகவே யாரும் பொறுப்பில்லை என்று சிலர் முடிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தெரியாமல் செய்த காலம் ஒன்று, தெரிந்த பிறகான காலம் இன்னொன்று. 2004இல் காரணம் தெரிந்துவிட்டது. 2006இல் இந்தியாவும் நேபாளமும் பாகிஸ்தானும் கால்நடைக்கான டைக்ளோஃபெனாக்கைத் தடை செய்தன. பாறுக்குக் கேடு செய்யாத மெலாக்சிகாம் என்ற மாற்று மருந்தும் அந்த ஆண்டே சோதித்து உறுதிசெய்யப்பட்டது. கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் மனிதருக்கென்று விற்ற 30 மில்லி பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தன. எந்த மனிதனுக்கு ஒரு வேளைக்கு 30 மில்லி தேவை? தயாரித்தவர்களுக்கும் விற்றவர்களுக்கும் அது எங்கே போகிறது என்று தெரியாமல் இருந்திருக்க முடியாது. 2015இல்தான் மத்திய அரசு ஒரு வேளைக்கான 3 மில்லிக் குப்பிக்கு மேல் கூடாது என்றது. அதையும் எதிர்த்து மருந்து நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2017இல் நீதிமன்றம் கட்டுப்பாட்டை உறுதிசெய்தது. பாறுகளைக் கொல்லும் வேறு இரண்டு வலிநிவாரணிகளான கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் கால்நடைக்குத் தடைசெய்யப்பட்டது 2023இல். அசிக்ளோஃபெனாக் மாட்டின் உடம்புக்குள் போனதும் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடும். நிமிசுலைடுக்கு 2024 இறுதிவரை ஆயிற்று. ஒரு விஷத்தை அடைத்தால் அடுத்த பெயரில் இன்னொன்று என்று இருபது ஆண்டுகள் போயின. இந்த இருபது ஆண்டுகளுக்கு ‘தெரியாது’ என்ற சாக்கு கிடையாது. ஆசியாவில் இவ்வளவு நடந்த பிறகு, ஐரோப்பியப் பாறுகளில் மிகப் பெரும்பாலானவை வாழும் ஸ்பெயின் 2013இல் இதே மருந்தைக் கால்நடைக்கு அனுமதித்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அறிவு குறைந்த நாடுகளில்தான் இப்படி நடக்கும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

பாறு போனால் நமக்கென்ன என்று கேட்பவர்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கை வைத்து ஒரு பறவைக்காக வாதாட எனக்கு மனம் ஒப்பவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். செத்த மாடுகள் தின்பாரற்றுக் கிடந்தபோது நாய்கள் பெருகின. வெறிநாய்க்கடி கூடியது. பிணங்கள் ஆற்றிலும் குளத்திலும் சேர்ந்தன. பாறுகள் அதிகம் வாழ்ந்த மாவட்டங்களையும் வாழாத மாவட்டங்களையும் ஒப்பிட்டு இயால் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரு பொருளியலாளர்கள் 2024இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2000 முதல் 2005 வரையிலான காலத்தில் பாறுகள் இல்லாததால் கூடுதலாக இறந்த மனிதர்கள் சுமார் ஐந்து லட்சம் என்பது அவர்களின் மதிப்பீடு. மும்பைப் பார்சிகள் தங்கள் இறந்தோரைக் கிடத்தும் அமைதிக் கோபுரங்களில் பறவைகள் வராமல் உடல்கள் வெயிலில் காய்ந்தன. ஒரு சமூகம் தலைமுறை தலைமுறையாகக் காத்த இறுதிச் சடங்கே நின்றுபோகும் நிலை.

உலக அளவில் பத்து லட்சம் தாவர, விலங்கினங்கள் அழிவின் விளிம்பை நோக்கிப் போவதாக 2019இல் ஐ.நா. ஆதரவிலான பல்லுயிர் அறிஞர் குழு அறிவித்தது. மனிதன் இல்லாத உலகில் இயல்பாக நடக்கும் அழிவைப்போல் பத்து மடங்கு, நூறு மடங்கு வேகம். பத்து லட்சம் என்ற எண் என் மனத்தில் எதையும் அசைப்பதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் ஏரிக்கரைப் பாறை அசைக்கிறது. பாறுக்காவது பெரிய உருவம் இருந்தது, செத்தால் கண்ணில் பட்டது, எண்பதுகளிலேயே யாரோ கூடுகளை எண்ணி எழுதிவைத்திருந்தார்கள். அதனால்தான் பிணத்தை அறுத்துக் காரணத்தைக் கண்டுபிடிக்க முடிந்தது. செஞ்சிக் குன்றுகளின் பாறை இடுக்கில் இருக்கும் ஓணானையும் தவளையையும் எறும்பையும் யார் எண்ணி வைத்திருக்கிறார்கள்? செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தது. மகிழ்ச்சிதான். மதில், கொத்தளம், களஞ்சியம் எல்லாவற்றுக்கும் அளவும் ஆண்டும் குறித்திருக்கிறோம். அந்தக் கோட்டைக்குச் சுவராக நிற்கும் குன்றில் என்னென்ன உயிர் இருந்தது, எது போயிற்று என்பதற்கு அப்படி ஒரு ஏடு வேண்டும். பக்கத்துப் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் ஆசிரியர்களோடு சேர்ந்து தொடங்கக்கூடிய வேலைதான் அது.

தென்னிந்தியாவில் பாறுகள் தப்பியது பெரும்பாலும் ஒரு பள்ளத்தாக்கில்தான் என்று சொல்லலாம். நீலகிரிக்கும் சத்தியமங்கலத்துக்கும் நடுவே மாயாறு ஓடும் தாழ்வாரம். ஆற்றோர நீர்மத்தி மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டுகின்றன. கருங்கழுத்துப் பாறுகளுக்குச் செங்குத்துப் பாறை. முதுமலை, பந்திப்பூர், வயநாடு என்று மூன்று மாநிலக் காடுகள் அங்கே ஒட்டிக் கிடப்பதால், அங்கே மாட்டைவிடக் காட்டெருமையும் மானும் அதிகம் இரையாகின்றன. ஊசி போடாத உடல்கள். 2023 தொடக்கத்தில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடக வனத்துறைகள் ஒரே நேரத்தில் எண்ணியபோது 246 பறவைகள். அந்த ஆண்டின் இறுதியில் எண்ணியபோது 320. அருளகம் போன்ற அமைப்புகள் மருந்துக் கடை மருந்துக் கடையாக ஏறி, கால்நடை மருத்துவர்களிடமும் பழங்குடிக் கிராமங்களிலும் பேசிப் பேசிக் காப்பாற்றியவை அவை. புலி மாட்டை அடித்துவிட்டால், மிச்சத்தில் விஷம் தடவிப் புலியைக் கொல்லப் பார்க்கும் வழக்கத்தால் அங்கேயும் பாறுகள் செத்திருக்கின்றன.

முந்நூற்று இருபது. எண்ணிக்கைக்கு அடங்காது என்று தாத்தா சொன்ன பறவை.

காஞ்சிபுரத்துக்கு மேற்கே பாலுசெட்டிச் சத்திரத்தின் அருகில் திருப்புட்குழி என்றொரு திவ்விய தேசம் இருக்கிறது. விஜயராகவப் பெருமாள் கோயில். புள்ளைக் குழியிட்ட இடம் என்பதே ஊரின் பெயர். சீதையைக் காக்கப் போரிட்டு வீழ்ந்த சடாயுவுக்கு இராமன் மகன் முறையில் நின்று ஈமக்கடன் செய்தது இங்கேதான் என்பது தலபுராணம். வைத்தீசுவரன்கோயிலின் பழம்பெயர் புள்ளிருக்குவேளூர், அங்கேயும் சடாயுவும் சம்பாதியும். தெற்கே கழுகுமலை. வடக்கே திருக்கழுக்குன்றம். நான்கு ஊர்ப்பெயர்களில் தமிழ்நாடு இந்தப் பறவையைப் பதித்து வைத்திருக்கிறது. சென்ற மாதம் திருப்புட்குழிக்குப் போயிருந்தேன். குளக்கரையில் உட்கார்ந்து வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். தந்தைக்குச் செய்யக் கிடைக்காத கடனை இராமன் ஒரு பாறுக்குச் செய்தான். நம் மாடுகளுக்கெல்லாம் காலங்காலமாகக் கடைசிக் கடன் செய்துவந்தது அந்த இனம். அவை கொத்துக் கொத்தாக மரத்தடியில் விழுந்தபோது குழி தோண்ட யாரும் போகவில்லை.

அடுத்த மாசியிலும் மயானக் கொள்ளை நடக்கும், நானும் போவேன். கபாலம் தானாக இறங்கவில்லை என்பதைத்தான் அந்தச் சுடுகாட்டில் நிற்கும்போது மறுபடி மறுபடி நினைத்துக்கொள்கிறேன். அதற்குச் சோறு சமைத்து இறைக்க ஒருத்தி வேண்டியிருந்தது.

பாறுக்கு நாம் இறைக்க வேண்டிய சோறு விஷமில்லாத உடல். மேல்மலையனூரிலும் அவலூர்பேட்டையிலும் செஞ்சியிலும் மாடு வைத்திருப்பவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை உங்கள் மாட்டுக்கு வலி ஊசி போட வருபவரிடம் குப்பியை வாங்கிப் பெயரைப் படியுங்கள். படிக்க வராவிட்டால் வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். மெலாக்சிகாம் என்று இருந்தால் போடச் சொல்லுங்கள். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், கீட்டோபுரோஃபென், நிமிசுலைடு என்று இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.